இரண்டு கேமராவும் ஒரே அரிசி டின்னில்

சாரல் காலத்தில் கேமராவைக் காய்ந்த அரிசி டின்னுக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்காது, மச்சான். தென்காசியில் ஸ்டுடியோ வைத்து நான் கற்ற முதல் பாடம் அது.

என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று சல்லிசான பெட்டி கேமரா. ஒற்றைக் கண்ணாடி, திருகிச் சரிபார்க்க எதுவும் கிடையாது. அதில் எந்த முகமும் ஐந்தருவிச் சாரலுக்குப் பின்னால் நிற்பதுபோல மெத்தென்று விழும். மற்றது 1956இல் வாங்கிய ஜெர்மன் கேமரா. கண்ணிமையை எண்ணிவிடலாம். ஃபிலிம் என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்றால் எல்லோரும் ஜெர்மன் கேமராவைத்தான் கேட்பார்கள். நான் "வெளிச்சம் பாக்குதேன்" என்று பெட்டியிலும் ஒன்று எடுத்து, அதைத்தான் கழுவிக் கொடுப்பேன். ஆய்க்குடி உச்சிமாகாளியின் கன்னத்து மங்கு, பண்பொழி செண்பகவல்லியின் பருத் தடம் எல்லாம் அப்படித்தான் கரையேறின. சிறு உதவியைக் குற்றாலநாதர் மறப்பதில்லை.

பிறகு உங்கள் தங்கை முத்துவடிவு வந்தாள். முகத்தில் அம்மைத் தழும்பு.

"அண்ணாச்சி, எனக்கும் அந்த வெலகூடின கேமராதான? இந்த மூஞ்சியப் பாத்து அது பயந்திராதுல்லா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துச் சன்னலை ஒரு சாண் திறந்தேன். பக்க வெளிச்சத்தில் தழும்புக்குத் தழும்பு நிழல் விழும். ஜெர்மன் கேமராவில் மட்டும் எடுத்தேன்.

சுரண்டை, செங்கோட்டை, புளியங்குடி என்று ஏழு வீட்டிலிருந்தும் படம் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் உங்கள் அப்பா வந்து நிற்பார்.

"ஏ அய்யா, படம் தத்ரூபமா இருக்கு. அதாம்யா வெனை. வேற ஒண்ணு எடுத்துப் பாப்பமா?"

இன்னும் தெளிவாக எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் படத்துக்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. இப்போதும் அவ்வளவாகச் சிரிப்பதில்லை. கூச்ச சுபாவம்.

எட்டாவது வீடாக நானே பெண் கேட்டுப் போனேன். உங்கள் அப்பா என் கையைப் பிடித்து அழுதார், தெய்வம் என்றார். நான் மறுக்கவில்லை. பெரியவர்கள் மனம் நோகக்கூடாது.

கல்யாணத்தன்று நண்பன் நாறும்பூநாதனிடம் பெட்டி கேமராவைக் கொடுத்ததுதான் என் கவனக்குறைவு. தழும்பே தெரியாத அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே அனுப்பியிருந்தா?" என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன்.

யாரும் எடுக்காத பெண்ணை நான் எடுத்துக்கொண்டேன். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள், மச்சான். செய்த புண்ணியத்தை வெளியே சொன்னால் பலன் குறைந்துபோகும்.