அஞ்சாவது உச்சியில் ஒரு படம்

— கீழே பார்க்காதீங்க மாப்பிள்ளை. என் முதுகைப் பார்த்துட்டு வாங்க.

— நான் கீழே பார்க்கல மாமா, நிலவமைப்பைப் பார்க்கறேன். ரெண்டு பக்கமும் பள்ளத்தாக்கு, நடுவுல ஒல்லியா ஒரு முகடு. இதைத்தான் வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குப் போர்டுல வரைஞ்சு காட்டறேன்.

— போர்டுல வழுக்கினா சாக்பீஸ்தான் உடையும்.

— ரெண்டாவது உச்சி தாண்டிட்டோம். இன்னும் மூணுதான். மேப்ல பார்த்தா மொத்தமும் ஒரு சுண்டுவிரல் நீளம் மாமா.

— அந்தச் சுண்டுவிரலுக்குத்தான் காலையில இருந்து நாலு கால்ல வர்றீங்களா?

— கையும் பயன்படுத்தணும்னு நம்ம குழு லீடர் பொண்ணே சொல்லுச்சு. என்னை விடுங்க, உங்களுக்கு மூச்சு வாங்குதா?

— வாங்குது, வாங்குது. ரொம்ப வாங்குது.

— எனக்குக் கேக்கவே இல்லையே.

— உள்ளுக்குள்ள வாங்குது.

— சும்மா சொல்லாதீங்க, பிரமாதமா ஏறறீங்க. இந்தக் கூட்டத்துல எல்லாருக்கும் உங்க வயசுல பாதி இருக்குமா? அவங்களுக்கு நாக்கு தொங்குது. உங்க மகள் இதைப் பார்க்கணும். 'அப்பாவுக்கு மூணு மாடி ஏற முடியல, போன்லயே மூச்சு இரைக்குது, நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம்'னு ஒத்தக் கால்ல நின்னாளே!

— அப்போ நீங்கதானே மாப்பிள்ளை, 'மாமா மூணு மாடி என்ன, மலையே ஏறுவார்'னு சொன்னது?

— உங்க சுதந்திரத்துக்காகச் சொன்னேன்.

— அடேயப்பா.

— நிஜமாத்தான். உங்களுக்குன்னு ஒரு வீடு, உங்க ரேடியோ, நினைச்ச நேரத்துக்குத் தூக்கம். எங்க வீட்ல அந்தச் சின்ன ரூம்ல என் விடைத்தாள் கட்டுக்கு நடுவுல நீங்க எப்படி இருப்பீங்க? உங்களுக்குத்தான் கஷ்டம். அதான் அவகிட்டப் பேசி முடிச்சேன். அஞ்சாவது உச்சியில நீங்க நிக்கற மாதிரி ஒரு படம் அனுப்பிட்டா, அவ இந்தப் பேச்சையே எடுக்க மாட்டா.

— அனுப்பலைன்னா?

— அனுப்பலைன்னா நீங்க எங்க வீட்டுக்கு... சேச்சே, அந்தப் பேச்சு எதுக்கு? அனுப்பத்தானே போறோம். ஆமா, கேக்கணும்னு இருந்தேன். ஒரு நாள் மலைக்கு மாத்துத் துணி வைக்க ரெண்டு பெட்டியா மாமா? கார் டிக்கியில தூக்கி வெச்சதுலயே என் இடுப்பு போச்சு.

— வயசானவனுக்கு எது எப்போ தேவைப்படும்னு சொல்ல முடியுமா? அந்தக் கல்லு ஆடுது, பார்த்து.

— எந்தக் கல்லு?

— நீங்க கட்டிப்பிடிச்சிட்டு இருக்கீங்களே, அது.

— எல்லாரும் வந்தாச்சா? உட்காருங்க, தண்ணி குடிங்க. மூணாவது உச்சியும் முடிஞ்சது. லீடரா நான் ஒரு விஷயம் சொல்லிடறேன். இடது பக்கம் தெரியுது பாருங்க, அந்தப் பாதை நேரா கார் நிறுத்தின இடத்துக்குப் போகுது. இறங்கணும்னா இங்கேயே இறங்கிடணும். இனிமே அஞ்சாவது வரைக்கும் வேற வழி கிடையாது, நாலாவதைத் தாண்டினா கத்திமுனை மாதிரி ஒல்லியான முகடு. ஆனா தனியா யாரும் இறங்கக் கூடாது, கூட ஒருத்தர் போயே ஆகணும். யாருக்காவது முடியலையா?

— லீடரம்மா, எனக்கு முட்டி...

— முட்டிக்குத் தைலம் இருக்கு மாமா! ஒண்ணும் இல்லைங்க, என் மாமனார் நல்லா இருக்கார்.

— எந்த முட்டி ஐயா? வலதா, இடதா?

— ரெண்டும்தான்.

— இப்போதானே ஐயா, அந்தச் செங்குத்துல என் பையையும் சேர்த்துத் தோள்ல போட்டுட்டு ஏறினீங்க?

— அது தோள் வேலைம்மா. முட்டிக்கு அதுல சம்பந்தம் இல்ல.

— எனக்கென்னவோ சாரைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. சார், நீங்க இறங்கறீங்களா? ஐயா துணைக்கு வரட்டும்.

— நானா? நான் புவியியல் வாத்தியாருங்க.

— அதுக்கு?

— மாப்பிள்ளை, யோசிங்க. நான் துணைக்கு வரேன். யார் கேட்டாலும் என் முட்டி மேலேயே பழியைப் போட்டுக்கலாம். உங்க மானத்துக்கு நான் பொறுப்பு.

— என் மானம் கிடக்கட்டும் மாமா, உங்க வீடு என்ன ஆகறது? நாங்க வரோங்க. ரெண்டு பேரும் வரோம்.

— மாப்பிள்ளை, பாட்டில் மூடியைத் தலைகீழா திருகறீங்க.

— குளிர்.

— சரி, அப்போ நீங்க ரெண்டு பேரும் கடைசியில வாங்க. அவசரமே இல்ல.

— மாமா! மாமா, நில்லுங்க.

— என்ன?

— கால் வரல.

— எந்தப் பக்கம் வரல?

— எந்தப் பக்கமும் வரல. முன்னாடியும் வரல, பின்னாடியும் வரல.

— அப்படியே குதிரை மேல உட்கார்ற மாதிரி உட்காருங்க. இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். ஆங், ராஜா மாதிரி இருக்கீங்க.

— காத்து அடிக்குது மாமா.

— அது பாட்டுக்கு அடிக்கட்டும். லிஃப்ட் குழிக்குள்ளயும் அடிக்கும். ஆயுசு பூரா அங்க ஒரு சாண் இரும்புச் சட்டத்து மேல நின்னுதான் வேலை பார்த்தேன். நாங்க வேலை முடிச்சாத்தான் நீங்கள்லாம் பட்டனை அமுக்குவீங்க. என் பெல்ட்டைப் பிடிங்க. வலது கையை அந்தக் காவிப் பாறை மேல வைங்க.

— அப்போ உங்க முட்டி?

— காவிப் பாறைன்னு சொன்னேன். அது கறுப்பு.

— பிடிச்சுட்டேன். ஆடுதா?

— நீங்கதான் ஆடறீங்க. மாப்பிள்ளை, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? போன தடவை உங்க வீட்டுக்கு வந்தப்போ ஹால் பல்பை நான்தான் மாத்தினேன். ஸ்டூலைப் பிடிச்சுட்டு நின்ன நீங்க கண்ணை மூடிக்கிட்டீங்க. ஏறினது நான். அப்படிப்பட்ட மனுஷன் இந்தக் கத்திமுனைக்கு வந்திருக்கீங்களே, எதுக்கு?

— உங்களுக்காகத்தான் மாமா.

— இங்க வெச்சுப் பொய் சொல்லாதீங்க, பிடி நழுவும்.

— அந்தச் சின்ன ரூம் மாமா.

— என்ன ரூமுக்கு?

— ஸ்கூல்ல நாள் பூரா கத்தறேன். வீட்டுக்கு வந்தா பேப்பர் திருத்தணும்னு கதவைச் சாத்திக்கறேன். பாதி நாள் திருத்தறதே இல்ல, சும்மா சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் எதுவும் கேக்காத இடம் அது ஒண்ணுதான்.

— இதை வீட்லயே சொல்லியிருக்கலாமே.

— மாமனார்கிட்ட இதை எப்படி மாமா சொல்றது?

— நியாயம்தான். அதைச் சொல்றதுக்கு இது சுலபம்னு மலைக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க. இடது காலைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், அகலம் வந்தாச்சு. எழுந்திருங்க, லீடர் பொண்ணு பார்க்குது.

— வாங்க வாங்க! இதான் அஞ்சாவது. சார், ஐயாவை எப்படியோ பத்திரமா கூட்டிட்டு வந்துட்டீங்களே!

— ஆமாம்மா, எங்க மாப்பிள்ளை என்னை ஒரு நிமிஷம்கூட விடல. பெல்ட் அறுந்து போறதுதான் பாக்கி.

— மாமா, அந்தக் கல்லு மேல நில்லுங்க. சிரிங்க. இன்னும் கொஞ்சம் திடகாத்திரமா. ஆங்! அனுப்பிட்டேன். இருங்க இருங்க... பதிலே வந்துடுச்சு! 'சரி, இனிமே அப்பா இஷ்டம்'னு போட்டிருக்கா. ஜெயிச்சுட்டீங்க மாமா!

— ஜெயிச்சாச்சு.

— நான் அங்க சொன்னதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. காத்துல ஏதோ உளறிட்டேன். இனிமே ஞாயித்துக்கிழமை தவறாம உங்க வீட்டுக்கு வருவோம்.

— உங்க கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து அந்த ஞாயித்துக்கிழமைக்குத்தான் நாற்காலியைத் துடைச்சு வெச்சிருந்தேன்.

— இந்தத் தடவை சத்தியமா வருவோம். இறங்கினதும் நேரா அங்கதான் போறோம். நானே அந்த ரெண்டு பெட்டியையும் மூணு மாடி தூக்கிட்டு வரேன்.

— அங்க போக வேண்டாம் மாப்பிள்ளை.

— ஏன், களைப்பா இருக்கா?

— போன்ல கேட்ட மூச்சு இரைப்பு நானா இரைச்சது. நாற்காலியில சௌகரியமா உட்கார்ந்துட்டுத்தான் இரைச்சேன். கேட்டு வந்தேன்னு இருக்கக் கூடாது, கூப்பிட்டு வந்தேன்னு இருக்கட்டும்னு. மூணாவது உச்சியில முட்டியைப் பிடிச்சுட்டு உங்களோட இறங்கிடலாம்னு பார்த்தேன். நீங்க விடல.

— மாமா, அப்போ உங்க வீடு...

— போன வாரமே காலி பண்ணி வீட்டுக்காரர்கிட்டச் சாவியைக் கொடுத்துட்டேன். மிச்சம் இருக்கறது உங்க டிக்கியில அந்த ரெண்டு பெட்டிதான், எங்க இறக்கி வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க.