தானாக அமர்ந்த துகள்கள்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு இளம் தம்பதி.

"நான் இல்லாதப்பதாங்க அதுங்க ஒழுங்கா உக்காந்திருக்கு" என்றாள் அவள்.

"யாரு, ஸ்டூடன்ட்ஸா?"

"ஐயோ, என்னோட செமிகண்டக்டர் துகளுங்க. கண்ணுக்கே தெரியாத படிகம். எட்டு மாசமா ஒரு தட்டுல திரவத்து மேல விட்டா கும்பலா ஒட்டிக்கும். முந்தாநாள் உங்களுக்கு ஜுரம்னதும் தட்டை மூடி வெச்சுட்டு ஓடி வந்துட்டேன். ராத்திரி முழுக்க மெதுவா காஞ்சிருக்கு. நேத்து மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒரே அடுக்கு, தேனடை மாதிரி வரிசை."

"தினம் என்ன பண்ணுவே?"

"பொறுக்காம திறந்து திறந்து பாப்பேன். சீக்கிரம் காஞ்சு கெட்டுடும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"இந்த மாசத்தோட இதை விட்டுடுன்னு ரிசர்ச் கைடு சொல்லிட்டாருங்க. உங்ககிட்ட சொல்லல. அதே வரிசை இன்னொரு தடவை வந்தாத்தான் நம்புவாரு."

காவிரிப் பாலம் முடியும்வரை அவன் அவள் கையைப் பிடித்திருந்தான்.

"இன்னிக்கும் மூடி வெச்சிடு. அஞ்சு மணிக்கு லேப் வாசல்ல நிப்பேன். வரலேன்னா உள்ள வந்து இழுத்துட்டுப் போவேன்."

"நாலரைக்கே வந்துடுங்க" என்றாள். "அஞ்சு வரைக்கும் என்னால திறக்காம இருக்க முடியாது."