பன்னிரண்டும் பச்சையாக இருந்த நாட்கள்

கொல்லிமலையில் ஐப்பசி மாதம் துவைத்த துணி காய இரண்டு நாளாகும். அதனால் எப்போதும் மூன்று சட்டை வைத்திருப்பேன்.

என் பெயர் தரணிதரன். சொந்த ஊர் காளப்பநாயக்கன்பட்டி. கொல்லிமலை மேலே குண்டூர் நாடு என்கிற ஊராட்சியில், ஒரு தனியார் கம்பெனியின் செயற்கைக்கோள் நிலையத்தில் ஒன்பது வருடமாக வேலை. கடலில் போகும் படகுகளின் செய்தியை வாங்கிக் கரைக்கு அனுப்பும் பன்னிரண்டு செயற்கைக்கோள்கள். முதலில் ஆறு பேர் இருந்தோம். பிறகு புது மென்பொருள் வந்தது. பன்னிரண்டையும் ஒரே திரையில் அதுவே ஓட்டும். நன்றாக இருப்பது பச்சை, கோளாறானது சிவப்பு. ஐந்து பேர் மலையிறங்கிப் போனார்கள். திரையைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன் போதும் என்றார்கள்.

நல்ல மென்பொருள், குறை சொல்ல மாட்டேன். மூன்று மாதம் எல்லாம் பச்சை. அந்த மூன்று மாதமும் போன் அடிக்கவில்லை. மிளகு பறிக்கப் போகும் செங்கோடன் வேலிக்கு அப்பால் கையைத் தூக்குவார், அவ்வளவுதான்.

ஒரு மதியம் ஆறாவது சிவப்பானது. தலைமை அலுவலகத்திலிருந்து சத்யா கூப்பிட்டார். சேந்தமங்கலத்துப் பெண்.

"ஏனுங்கண்ணா, சாப்டீங்களா?"

என்னிடம் அதை யாரும் கேட்டு வெகுநாளாகியிருந்தது. இருபது நிமிடம் பேசினோம்.

அடுத்த வாரம் ஆறாவதை நானே உறங்க வைத்தேன். ஒரு கட்டளைதான்; திரையில் சிவப்பாகும், அவர் கூப்பிடுவார். பிறகு வாரம் இரண்டு முறை. அவருக்கும் பிடித்திருந்தது, இல்லாவிட்டால் அவ்வளவு பொறுமையாக யார் பேசுவார்கள்?

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரே நேரத்தில் ஐந்து செயற்கைக்கோள்களை உறங்க வைத்தேன். ஒரு மணி நேரமாவது பேசலாம் என்று நினைத்தேன். அத்தனை கோளாறு இருந்தால் மென்பொருள் எதையும் தானாக அனுப்பாது, என் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். மூன்று மணிக்குச் சத்யா கூப்பிட்டார். மூன்று பத்துக்கு, விழித்திருந்த ஏழாவது ஓர் அவசர அழைப்பைக் கொண்டுவந்தது. மூழ்கும் படகு, ஐந்து பேர்.

அப்போதுதான் சத்யா சொன்னார்: "ஒண்ணாம் தேதியிலிருந்து நான் வேற பிரிவுங்கண்ணா. இனிமே சதீஷ்குமார்னு ஒருத்தர் கூப்பிடுவாருங்க."

ஒப்புதல் கொடுத்தால் மீட்புப் படைக்குச் செய்தி போகும். சத்யாவின் திரையிலும் மணி அடிக்கும், போனை வைத்துவிடுவார். தங்கைக்கு வரன் பார்ப்பதைப் பற்றிக் கேட்டேன். சொன்னார். பாதியில் வெட்டுவது மரியாதையில்லை. ஏழாவது அந்தக் கடலைக் கடந்துபோனதும் எட்டாவது படகின் அதே அவசரக் குறியைக் காட்டியது. ஒன்பதாவது வந்தபோது குறி இல்லை.

நாலு மணிக்கு அவர் போனை வைத்தார். உடனே ஒப்புதல் கொடுத்தேன், ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

ஐந்து பேரில் ஒருவரும் கிடைக்கவில்லை என்றீர்கள். தெரிந்துதான் செய்தேன், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சத்யா இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. என் போனை நீங்கள் வாங்கி வைத்திருப்பதுதான் காரணம்.