பதினாலு மணி நேரப் பயணம்

...பதினாலு மணி நேரம்னு போன்லயே போட்டுருக்காண்ணே! ஆக்லாந்து டு மதுர, பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரு, பதினாலு மணி நேரம். இந்தா பாருங்க. அட, சும்மா பாருங்கண்ணே... கண்ணாடி இல்லையா? சரி விடுங்க.

இதுல என்ன கோளாறுன்னா, நேராப் பறந்தாத்தானாம் அது! அப்படி ஒரு பிளேனே கெடையாதாம். கெடையாத பிளேனுக்கு எதுக்குய்யா நேரம் போடுறீங்க? நான் முப்பத்தோரு வருசம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர்ணே. ஓடாத வண்டிக்கு ஒருநா டைம் போட்டுருப்பேனா?

எம்மக பவதாரிணி அங்கதான், நியூசிலாந்துல நர்சா இருக்கா. இன்னைக்கு அவ தம்பி விக்ரமுக்குக் கல்யாணம். பழங்காநத்தத்துல மண்டபம். ஒன்பதுலருந்து பத்தரை முகூர்த்தம். நாத்தனார் முடிச்சு போடணும்ல? மூணு மாசமா போன்ல இதே பேச்சுதான். 'எந்தம்பி கல்யாணத்துல முடிச்சு நாந்தேன் போடுவேன், வேற எவளையும் விட்றாதீங்கப்பா'ன்னு...

ஏழே முக்காலுக்கு இந்த ஏர்போர்ட்டுல எறங்கிருக்கணும்ணே. நடுவுல ஒரு ஊர்ல வண்டி மாறணும். அங்க மழையாம். இவ வந்த பிளேனு ஒரு மணி நேரம் லேட்டு. அடுத்த பிளேனு இவள விட்டுட்டுப் போயிருச்சு. எங்க டவுன் பஸ்ஸையே ஓடியாறவனுக்கு நிப்பாட்டுவாங்கண்ணே!

என்ன கேட்டீங்க? முன்னாடியே கெளம்பியிருக்கலாம்லன்னா?

...போட்டுருந்தா. திங்கக்கெழமைக்கே டிக்கெட்டு போட்டுருந்தா. நடுவுல பதினோரு மணி நேரம் காத்துக் கெடக்கணும்னு இருந்துச்சு. நாந்தேன்... 'எதுக்குத்தா அம்புட்டு நேரம் அங்க உக்காந்து ஈ ஓட்டுற? லீவ மிச்சம் பண்ணு. ஒரு மணி பத்து நிமிசத்துல மாறுற மாதிரி ஒன்னு இருக்கு பாரு. உங்கப்பன் பெரியார் பஸ் ஸ்டாண்டுல அஞ்சு நிமிசத்துல ஆள எறக்கி ஏத்தி வண்டிய எடுக்க வச்சவன்'னேன். 'பயமா இருக்குப்பா'ன்னா. நாந்தேன் மாத்த வச்சேன்.

காலையில அஞ்சு மணிக்கு அந்த நடு ஊர்லருந்து போன்ல அழுகுறா. பன்னெண்டரைக்குத்தான் வர முடியுமாம். பெத்த மனசு, என்ன சொல்லுவீங்க? 'அழுகாதத்தா, முகூர்த்தத்த ஒன்றரைக்கு மாத்தியாச்சு, நீ பதறாம வா'ன்னுட்டேன்.

எங்கிட்டு மாத்துறது? பொண்ணு வீட்டாளுக ஒத்துக்கிரணும்ல? பத்து இருபது வரைக்கும் புடிச்சு நிப்பாட்டுனேன். விக்ரம் வாசலையே பாக்குறான். கெட்டிமேளம் கொட்டிட்டாக. எங்க அண்ணன் மக பாண்டிமீனாதான் முடிச்சு போட்டா. எம்பொண்டாட்டி தங்கப்பொண்ணு அதுக்கப்புறம் எம்மூஞ்சியவே பாக்கல. 'நீங்களே போயி அவகிட்ட சொல்லிக்கங்க'ன்னு ஒரே வார்த்தை.

போட்டோ எதையும் குரூப்புல போட்றாதீங்கடான்னு எல்லார் கையையும் காலையும் புடிச்சு வச்சுருக்கேன். அவளுக்குத் தெரியாதுண்ணே. இன்னும் ஒன்னும் தெரியாது.

அந்தா... கதவு தொறந்துருச்சு. அதான்ணே எம்மக, அந்த அரக்குப் பட்டு. வழியிலயே சேலையக் கட்டிக்கிட்டா போல. தலையெல்லாம் சீவி... ஓடியாறா பாருங்க. வாட்சக் காட்டிச் சிரிக்கிறா, 'நேரமிருக்குல்ல'ங்குற மாதிரி.

அண்ணே, பக்கத்துல நில்லுங்கண்ணே, ஒரு வார்த்தை நீங்க ஆரம்பிச்சு விட்டா... அண்ணே? எங்கிட்டுண்ணே போறீக? உங்காளு இன்னும் வரலையே... அண்ணே!