அண்ணன் வயிறு

டெம்போவில் டிரைவர், மீன் கூடையோடு ஒரு அம்மா, கண்ணாடி போட்ட ஒரு வாத்தியார், நான். சாரம் ஸ்டாப்பில் துணிப்பையோடு ஒரு பெண்ணும் தூக்குவாளியோடு அவள் நாத்தனாரும் ஏறினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

"உங்க அண்ணன் வயிறு அந்தரத்துல தொங்கிச்சாம்," என்றாள் பைக்காரி. வாத்தியார் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் அண்ணி?"

"முதுகெலும்பு ஆபரேஷன குப்புறப் படுக்கப் போட்டுதான் பண்ணாங்க. அவ்ளோ பெரிய வயிறு அமுங்குனா மூச்சு முட்டுமாம், ரத்தமும் ரொம்பப் போவுமாம். அதான் மாருக்கும் இடுப்புக்கும் மட்டும் மெத்த குடுத்து, வயித்தத் தொங்க உட்டுட்டாங்க."

"முன்னாடியே எடைய கொறைக்கச் சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க. தெம்பு வேணும்னு தெனம் ஆட்டுக்கால் சூப்பு கொண்டாந்தது யாரு? நாலு கிலோ ஏறிட்டாரு. அவரத் திருப்பிப் போட ஆறு பேராம்."

மீன்காரம்மா சிரித்துவிட்டாள். நாத்தனார் மடியிலிருந்த தூக்குவாளியை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"வெளிய கொண்டாந்தப்ப, குப்புறக் கெடந்ததுல மூஞ்சி வீங்கி, கண்ணே தொறக்கல. அதாச்சும் போவுது, காலு வருமான்னுதான் எனக்கு ஒதறிச்சு."

"இப்ப எப்பிடி அண்ணி இருக்குது?"

"வீக்கம் வடிஞ்சிடுச்சு. காலையில நர்சம்மா கையப் புடிச்சிக்கினு நடந்தாரு. நான் எண்ணிக்கினே பின்னாடி போனேன்."

"எத்தினி அடி?"

பைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினேழு."