வராமல் போன வாரம்

பைண்டு செய்த தொடர்கதை கையில் கிடைத்தால் நான் விளம்பரத்தையும் விடாமல் படிப்பேன், சார். பல்பொடி, தையல் மெஷின், எல்லாம். அண்ணனுக்கு அது பிடிக்காது. "கதைய மட்டும் படி பாப்பா, பல்பொடி வாங்கவா போறோம்" என்பான். நீங்கள் கன்னடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் பேச வரும். ஆனால் என் அண்ணன் சின்னப்பாவைப் பற்றித் தமிழில்தான் சொல்ல வருகிறது.

இதே பெங்களூரில், பீன்யாவில் இரும்பு வார்க்கிற இடத்தில் தூசியோடு தூசியாக வேலை பார்த்தவன். நுரையீரல் போய்விட்டது. ஸ்ரீராம்புரத்து வீட்டில் கட்டிலும் ஆக்ஸிஜன் மெஷினும்தான் அவனுக்கு உலகம். அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. எனக்கு ஆகி, நிலைக்கவில்லை. துடைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். ராத்திரி முழுக்க அந்த மெஷின் கடகடவென்று ஓடும். நான் தூங்குவதே இல்லை என்று பக்கத்து வீட்டு பிரிஜெட் சொல்லியிருப்பாள். தூக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பரணில் அந்தப் பழைய பைண்டு கிடைத்தது. சுக்கிரனுக்கு ராக்கெட்டில் போகிற கதை. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோதே அது பழங்கதை. பத்திரிகையில் மறுபடி போட்டார்கள். அப்பா வாராவாரம் கிழித்துச் சேர்த்துவைத்தார். இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. சுக்கிரனில் காடாம், அருவியாம். ராக்கெட்டில் கேப்டன் வெற்றிலை போடுகிறார். நிஜத்தில் அங்கே அடுப்புக்குள் இருக்கிற மாதிரி சூடு, மேகமெல்லாம் அமிலம் என்று ஃபோனில் பார்த்தேன். சிரித்துக்கொண்டே படித்தவள் அழுதுவிட்டேன். அந்தக் காட்டை அப்படி நம்பியிருந்தோம், சார். அண்ணனிடம் அமிலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதில் ஒரு வாரம் கிடையாது. காவிரிக் கலவரத்தில் தமிழ்ப் பத்திரிகை எங்கள் பக்கத்துக் கடைக்கு வரவில்லை. முந்தின இதழில் கேப்டன் தலையில் கண்ணாடிக் கவசத்தோடு ராக்கெட் வாசலில் நிற்கிறார். அடுத்து வந்த இதழில் கவசமில்லாமல் காட்டில் நடக்கிறார். நடுவில் என்ன நடந்தது என்று அண்ணன்தான் சொன்னான். வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். நான் பயந்து அழுதேன். என்னைத் தேற்றத்தான் இட்டுக்கட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படித்துக்கொண்டே அந்த இடத்துக்கு வந்தோம். அவன் முகமூடியை லேசாக விலக்கினான்.

"இந்த வாரத்த நான் சொல்றேன். கழட்டிப் போட்டாரு பாப்பா. ஒண்ணும் ஆவல. நெஞ்சு நெறைய இழுத்தாரு. மல்லிப்பூ வாசன."

மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. இனிமேல் இவன் இப்படிச் சிரிக்கவா போகிறான், இந்தச் சந்தோஷத்தோடு போய்விடட்டும் என்று தோன்றியது. என்னிடம் அதைத்தான் கேட்கிறான் என்று புரிந்துகொண்டேன். வாய்விட்டு எதையும் கேட்க மாட்டான் அண்ணன், கூச்சக்காரன். முகமூடியைக் கழற்றிவிட்டு மெஷினை நிறுத்தினேன்.

வீடு அமைதியாகிவிட்டது. அப்படி ஒரு அமைதியைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

"வெளையாடாத பாப்பா. போடு" என்றான். நான் போடவில்லை. என் மனசை மாற்ற நினைத்தானோ என்னவோ, "அடுத்த வாரத்தப் படி... அப்புறம் என்னா ஆச்சின்னு கேக்கணும்" என்றான்.

சொன்னேன், சார். காட்டில் நடக்கிற அந்த வாரம் முழுவதும் எனக்கு மனப்பாடம், புத்தகம் தேவைப்படவில்லை. அருவி வரைக்கும் நிதானமாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அவன் மணிக்கட்டு இரண்டிலும் கன்றிப்போயிருக்கிறது என்று போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் எழுதியிருக்கிறாராம். இருக்கும். தனியாகப் போகிறோமே என்று அவன் பயந்துவிடக் கூடாது இல்லையா, அதற்காகத்தான் அசைவு நிற்கிறவரைக்கும் இரண்டு கையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.