ஆளில்லாத இடம்

கப்பல் பயணம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, ஐயா. பம்பாயில் ஏறியதிலிருந்து பிரான்சின் மர்சே துறைமுகத்தில் இறங்கும்வரை எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்தே கிடந்தேன். 1957 ஐப்பசி அது. நான்கைந்து வருஷம் கழித்து இப்போது விசாரணைக்குக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள், கேட்டதற்குச் சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரன் போன பிறகு ஊரில் பாதி இளவட்டம் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. என் தங்கை புருஷனும் அதில் ஒருத்தன். மூன்று வருஷமாக என் வீட்டுச் சோறு. பிரான்சுக்குப் போய் முதலாளிகளைப் பார்த்து, எங்கள் ஊரில் தொழிற்சாலை வையுங்கள் என்று கேட்டு வர ஒரு குழு கிளம்பியது. நான்கு வியாபாரிகள், ஓர் அதிகாரி. அவர்கள் பேசுவதைப் பிரெஞ்சில் சொல்ல நான், முதலியார்பேட்டை தெய்வநாயகம். பிறப்பு இறப்பு பதிகிற ஆபீசில் குமாஸ்தா.

பதினொரு கம்பெனியில் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் மீனை டப்பாவில் அடைக்கிற தொழில்காரர். அவர்தான் வரைபடத்தை விரிக்கச் சொன்னார். அறுநூறு பேருக்கு வேலை என்றார். குருசுக்குப்பத்துக் கரையில் விரலை வைத்து, இங்கே ஆட்கள் குடியிருக்கிறார்களா என்று கேட்டார். நிலப் பத்திரமில்லாத குடிசையை எந்த வரைபடத்தில் போடுவார்கள்? அங்கே வெறும் வெள்ளைக் காகிதம்தான் இருந்தது.

"யாருமில்லை, முசே" என்றேன்.

"என்னய்யா கேக்கறாரு?" என்றார் அதிகாரி.

"எடம் புடிச்சிருக்காம் சார்."

திரும்பி வந்ததும் ரயிலடியில் எனக்கும் மாலை போட்டார்கள். அதுவரை எனக்கு யாரும் மாலை போட்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

தை மாதம் கடிதம் வந்தது. மாசியில் நேரில் வந்து பார்ப்பாராம். நிலம் நான் சொன்னபடி காலியாக இருந்தால் கையெழுத்து. குடிகளைக் கிளப்புகிற வம்பெல்லாம் தனக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தார். அதிகாரியிடம் சொன்னால் மாலை போட்ட கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார். ஆகவே நானே குப்பத்துக்குப் போய் நாட்டார் ஆதிமூலத்தைப் பார்த்தேன். அங்கே அவர் சொன்னதுதான் சட்டம். முப்பத்தேழு குடிசை கொஞ்சம் தள்ளிப் போனால் அறுநூறு குடும்பம் பிழைக்கும் என்று தன்மையாகத்தான் சொன்னேன்.

"தள்ளின்னா எங்க முசே? கட்டுமரம் கெடக்கற எடத்துலதான் நாங்க கெடப்போம். கடலத் தள்ளி வச்சிட்டு வந்து சொல்லுங்க, நாங்களும் தள்ளிக்கிறோம்."

வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். படிக்காத சனம் சிரித்தால் படித்தவனுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

மாசி மகத்தன்று குப்பத்தில் ஒருவரும் இருப்பதில்லை. வைத்திக்குப்பம் கரையில் சாமிகளுக்குத் தீர்த்தவாரி. கட்டுமரம் இறங்காது, திரும்பி வரும்வரை அடுப்பும் எரியாது. கடைசிக் குழந்தை வரை தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீடு போனால் ஆளும் போய்விடுவான், ஒரு உயிருக்கும் சேதமில்லை என்று கணக்குப் போட்டேன். எனக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. அன்று ஒரு தீப்பெட்டி வாங்கினேன். பதினொரு மணிக்குக் கடல்காற்று எழும். கடலோர வரிசையில் ஆரம்பித்தேன். காய்ந்த கீற்று, காய்ந்த வலை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கே மேளம் முழங்கிக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

விசாரிக்க வந்தவர்கள் அடுப்புப் பொறி என்று எழுதினார்கள். மகத்தன்னிக்கு எங்கூட்டு அடுப்பு எரியாது சாமி என்று ஆதிமூலம் தலையில் அடித்துக்கொண்டார். எழுதியது எழுதியதுதான்.

நாலாம் நாள் முதலாளி வந்தார். ஈரச் சாம்பலில் நின்று, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, எத்தனை வீடு என்று என்னிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் காரில் ஏறிவிட்டார். ஆலை மலையாளக் கரைக்குப் போயிற்று. குப்பத்துக்காரர்கள் அந்த மாதமே அதே இடத்தில் கீற்று வேய்ந்துவிட்டார்கள். என் மச்சான் இன்னும் என் வீட்டில்தான் சாப்பிடுகிறான்.

அந்த இரண்டு சாவைப் பற்றிக் கேட்கத்தான் நீங்கள் கூப்பிட்டீர்கள். செல்வாம்பாளும் அவள் கைக்குழந்தையும். பிள்ளை பெற்ற தீட்டு கழியும்வரை சாமியைப் பார்க்கக் கூடாதென்று குடிசையிலேயே இருந்துவிட்டாள். கடற்கரை வழக்கம் உழவுக் குடும்பத்துக்காரனான எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்களே எனக்காக எழுதிவிடலாம். வேண்டாம். மகத்துக்கு ஐந்து நாள் முன்னால் அவள் புருஷன் சாமிக்கண்ணு என் மேசைக்கு வந்து பிறப்பு பதிந்தான்.

"அன்னக்கிளின்னு எழுதுங்க முசே. மகத்துக்கு ஊரே போவுது, இவ மட்டும் புள்ளையோட குடிசைல கெடக்கணும், பாவம். வரும்போது பொரி வாங்கியாறேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

எழுதி, முத்திரையும் போட்டுக் கொடுத்தேன். மகத்தன்று அவள் குடிசைப் படலில், பிள்ளை பெற்ற வீடு என்று வேப்பிலை செருகியிருந்ததையும் பார்த்தேன். அதற்கு அடுத்த குடிசையில்தான் குச்சியைக் கிழித்தேன்.

ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தால் அவளை வெளியே தூக்க ஆளிருந்திருக்குமே என்கிறீர்கள். யோசிக்காமல் இல்லை. மறுநாள் குப்பம் முழுக்கக் குடிசைக்குள் இருந்திருக்கும். அத்தனை உயிர் போவதை என்னால் தாங்க முடியாது, ஐயா. எனக்கு இளகின மனசு.